சரக்கு லிஃப்டில் பதினோரு நொடி

கைகளைப் பார்ப்பது என் தொழில். தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புப் படங்களை எடுத்து எடிட் செய்கிறேன். கையுறை போட்ட கை, போடாத கை, இயந்திரத்துக்குள் போகக் கூடாத நேரத்தில் போகிற கை. பதினாறு வருடமாக முகங்களை விட விரல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேறு யாராவது அந்த வீடியோவை எடிட் செய்திருந்தால் அது தன் பாட்டுக்குப் போயிருக்கும்.

பேண்டு என் தம்பியுடையது. மொத்தம் மூன்று பேர். தம்பி டிரம்ஸ், பகலில் பார்சல் வேன் ஓட்டுகிறான். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஆள் சிறியவள், குரல் காதுக்குள் புகுந்து குடையும், அதனால் கொசு. பேஸ் கிட்டார் வாசிப்பவன் லிஃப்ட் மெக்கானிக். குனியாமல் எந்த வாசலுக்குள்ளும் நுழைந்ததில்லை, அதனால் நெட்டை. தம்பியும் நெட்டையும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

மூவருக்கும் நாற்பதை எட்டித் தொடும் வயது. வாசிப்பதோ பாப்-பங்க். எனக்குப் புரிந்த அளவில், பதினேழு வயதின் கோபத்தை கார்டு எனப்படும் சுரக்கூட்டு மூன்றே மூன்றில் மூச்சு விடாமல் கத்துவது. ஆனால் கேட்டவர்கள் பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிற மாதிரி கத்துவது. "இந்த வயசுல எதுக்குடா இது?" என்று தம்பியிடம் ஒரு முறை கேட்டேன்.

"பதினேழு வயசுல கோபப்பட நேரம் எங்கக்கா இருந்துச்சு? டியூஷன் இருந்துச்சு."

புது சிங்கிள் பாட்டின் பெயர் 'கூப்பிடுறேன்னு சொன்னியே'. இரண்டு நிமிடம் இருபது நொடி. கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் போன ஒருவனைத் திட்டும் பாட்டு. ஒன்றரை நிமிடம் ஆனதும் கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். பேஸ் மட்டும் பதினோரு நொடி தனியாக ஓடும், படிக்கட்டில் பந்து உருண்டு இறங்குவது போல. பிறகு மூன்று பேரும் ஒன்றாக வந்து விழுவார்கள். வெளியாகும் முன்பே பாட்டைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். வருகிற திங்கட்கிழமை பாட்டும் வீடியோவும் ஒன்றாக வெளியாக வேண்டும்.

வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கட்டிடம் ஒன்றின் சரக்கு லிஃப்டில் எடுத்தோம். நெட்டை பராமரிக்கும் கட்டிடம். அனுமதி வாங்கி, மாடிக்கு மாடி 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகையை வைத்துவிட்டு எங்களை உள்ளே ஏற்றினான். டிரம்ஸின் தோல்மேல் பஞ்சுத் துண்டு கட்டியிருந்தது. கிட்டார்களுக்கு ஸ்பீக்கர் இணைப்பே கிடையாது. கொசுவின் ஃபோனில் பாட்டை ஓடவிட்டு, அதற்கு வாசிப்பது போல் நடிக்க வேண்டும். நான் கேமரா பிடிக்க, ஐந்து டேக். கொசு எனக்கு இட்ட கட்டளை ஒன்றுதான்.

"அக்கா, அந்தப் பதினோரு நொடியும் இவன் விரல் மட்டும்தான். க்ளோஸப். என் மூஞ்சிகூட வேண்டாம்."

"உன் மூஞ்சி வேண்டாம்னு நாங்க எப்பவோ சொல்லிட்டோம்," என்றான் தம்பி.

செவ்வாய்க்கிழமை காலை எடிட்டில் உட்கார்ந்தேன். பாட்டை முதலில் வைத்து, அதற்குக் கீழே படத்தைப் பொருத்துவது வழக்கம். கொசுவின் உதடு பொருந்தியது. தம்பியின் குச்சி பொருந்தியது. பதினோரு நொடி வந்தபோது நெட்டையின் விரல்கள் பொருந்தவில்லை.

படம் நழுவியிருக்கும் என்று நினைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் பொருந்தவில்லை. வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து எண்ணினேன். பாட்டில் அந்த இடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட சுரங்கள் இருந்தன. படத்தில் விரல் நகர்ந்தது பதினான்கு தடவை.

நடிக்கிறான், அவ்வளவுதானே என்று விட்டிருப்பேன். எல்லா வீடியோவிலும் நடிப்புத்தான். ஆனால் அடுத்த டேக்கைப் போட்டேன். அதிலும் பதினான்கு. அதே இடங்கள், அதே வரிசை, ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவில் அதே நீண்ட நிறுத்தம். ஐந்து டேக்கையும் ஒரே திரையில் அடுக்கி ஓடவிட்டேன். ஐந்து கைகளும் ஒரே கையாக நகர்ந்தன. சும்மா விரலை ஆட்டுகிறவன் ஐந்து தடவையும் ஒரே மாதிரி ஆட்ட மாட்டான். இவன் எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டில் இல்லாத ஒன்றை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே வேலை செய்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் விசேஷ வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளிகள் மாதிரி ஒதுங்கி நின்றன.

மதியம் தம்பிக்கு ஃபோன் செய்தேன். வேனில் இருந்தான்.

"பாட்டுல அந்த பேஸ் மட்டும் வர்ற இடம், நெட்டை எப்ப வாசிச்சான்? நீ கூட இருந்தியா?"

"யாரும் யாரு கூடவும் இருக்கறதில்லக்கா. ஒண்ணா ஒத்திகை பாத்தே ஒரு வருஷம் ஆச்சு. அவங்கவங்களுக்கு லீவு கெடைக்கறப்ப தாடிகிட்ட போயி வாசிச்சுட்டு வந்துடுவோம்." தாடி என்பது ஒலிப்பதிவு செய்கிறவர். "ஏன்? நல்லா இருக்குல்ல? அந்த எடத்த வாசிக்க இந்த ஊர்ல அவனை விட்டா ஆளே இல்ல. எழுதி வெச்சுக்கோ."

அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேமராவில் பதிவாகிற ஒலியை நான் கேட்பதே இல்லை. இரைச்சல், இருமல், 'ரெடியா?' என்ற குரல். எடிட்டில் முதல் வேலையே அதை அணைப்பதுதான். அன்று அதைத் திறந்தேன். எதிர்பார்த்தபடி ஃபோனில் ஓடிய பாட்டு, பஞ்சுமேல் விழும் குச்சி, கொசு காலால் தட்டும் தாளம். பிறகு எல்லாம் நின்றது. ஃபோனின் சின்ன ஸ்பீக்கருக்குத் தாழ்ந்த சுரம் எடுபடாது. பேஸ் மட்டும் வாசிக்கும் இடத்தில் அது ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. அந்த அமைதிக்குள், இணைப்பில்லாத தடித்த கம்பிகளின் வறண்ட ஒலி கேட்டது. லிஃப்டின் நான்கு தகடுகளும் அதை வாங்கித் திருப்பித் தந்திருந்தன.

பதினான்கு சுரங்கள். உருளவில்லை, ஓடவில்லை. முதல் ஆறும் மெல்ல ஏறின. ஏதோ கேட்க வந்துவிட்டுக் கேட்காமல் நின்றுகொண்டது போல ஓர் இடைவெளி. பின்பு மற்ற எட்டும் வேறொரு வழியாக இறங்கின. எனக்கு இசை தெரியாது. ஆனால் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுக் கூப்பிடாத ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாட்டின் மற்ற இரண்டு நிமிடமும் அதைப் பற்றிக் கத்தியது. இந்தப் பதினோரு நொடி அங்கேயே உட்கார்ந்திருந்தது. இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

மறுநாள் மதியம் நெட்டையைத் தேடிப் போனேன். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், திறந்து கிடந்த லிஃப்டின் பொத்தான் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பைகளோடு ஒருவர் அவன் தலைக்கு மேல் நின்றார்.

"எப்பப்பா சரியாகும்?"

"அரை மணி நேரம் சார்."

"போன வாரமும் இதே அரை மணி நேரம்தான் சொன்னே."

"அது வேற அரை மணி நேரம் சார்."

அவர் எதையோ முனகிக்கொண்டு படியேறினார். நெட்டை என்னைப் பார்த்துச் சிரித்தான். திருகாணியை இடது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தான்.

"என்னக்கா, வீடியோ முடிஞ்சுதா?"

"லிஃப்டுக்குள்ள நீ வாசிச்சியே, அது என்னது?"

சிரிப்பு அப்படியே இருந்தது; கண் மட்டும் மாறியது. மேலே எங்கோ பைக்காரர் ஒரு மாடியில் நின்று மூச்சு வாங்குவது கேட்டது.

"கேட்டுச்சா?" என்றான் கடைசியில்.

"கேமராவுல."

"ஃபோன்ல பேஸ் வராதுன்னு தெரியும். கம்பிச் சத்தம் பக்கத்துல நிக்கறவங்களுக்கே கேக்காதுன்னு நெனச்சேன். தகரப் பொட்டிக்குள்ள நிக்கறோமேன்னு தோணவே இல்ல." நெற்றியில் அடித்துக்கொண்டான். "இதுல நான் லிஃப்ட் மெக்கானிக்!"

"பாட்டுல வாசிச்சது யாரு?"

"தாடி. நான்தான் கேட்டுக்கிட்டேன். எட்டு மாசமா இந்த ரெண்டு விரலும் மரத்துக் கெடக்குக்கா. சுண்டுவிரலை யாரோ என் கையில மறந்து வெச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. மெட்டு நான் போட்டதுதான். பாட்டுல மத்த இடத்துக்கு ரெண்டு விரல் போதும், அந்த இடத்தை வாசிக்கத்தான் வரல."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா என்ன சொல்லுவார்னு தெரியுமே. வேலையை மாத்துன்னு சொல்லுவார், இல்லேன்னா கிட்டாரை விடுன்னு சொல்லுவார்."

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க கிட்டார்காரன் கதை உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். முன்பு பேண்டில் நான்காவதாக ஒருவன் இருந்தான். போன வருடம் ஒரு பாட்டில் தன் பகுதியை வேறொருவனை வாசிக்கச் சொல்லித் தன்னுடையது என்று கொடுத்துவிட்டான். அவர்களுக்கு இருக்கும் ஒரே சட்டம், 'நம்ம பாட்டுல நம்ம கைதான்.' கை தூக்கி ஓட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

"மொத ஆளா கையைத் தூக்கினது நான்," என்றான் நெட்டை.

"அப்ப படம் எடுக்கறப்ப சும்மா விரலை ஆட்டியிருக்கலாமே? தாடி வாசிச்சதுக்குத் தகுந்த மாதிரி?"

"வீட்டுல கண்ணாடி முன்னாடி ஆட்டிப் பாத்தேன். பாக்க அசிங்கமா இருந்துச்சுக்கா. சரி, ரெண்டு விரலுக்கு எது வருமோ அதையாவது ஒழுங்கா வாசிப்போம்னு..." திருகாணியைப் பலகையில் வைத்தான். "க்ளோஸப் மட்டும் வேண்டாம்க்கா. லிஃப்ட் கதவு, நம்பர் லைட்டு, ஏதாவது போட்டு மூடிடுங்க. பேண்டு இல்லேன்னா எனக்கு இந்த ஸ்க்ரூ டிரைவர்தான்."

சரி என்றேன். பதினோரு நொடியும் மாடி எண்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணைவது போல் வெட்டி ஒட்டினேன். குறை சொல்ல முடியாத வேலை. எனக்குத்தான் பிடிக்கவில்லை. எந்த உரிமையில் பிடிக்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ரகசியம் அவனுடையது; பேண்டு அவர்களுடையது; எனக்கு இருந்தது வெறும் ஆவல். அந்தப் பதினான்கு சுரங்களையும் நான்கு பேர் உட்கார்ந்து கேட்டால் என்ன ஆகும் என்ற ஆவல். அதை வைத்துக்கொண்டு இன்னொருவன் வாழ்க்கையில் கை வைக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை கொசுவின் வீட்டில் கூடினோம். சோபாவில் தம்பியும் கொசுவும். இடம் போதாமல் நெட்டை தரையில் காலை நீட்டியிருந்தான். கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து ஓடவிட்டேன். முதல் ஒன்றரை நிமிடம் ஒரே கூத்து. தன் வாய் திறந்திருப்பதைப் பார்த்து கொசு, "ஐயோ, மேல் வரிசையில கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியுது," என்றாள்.

"விளம்பரம்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லிடு," என்றான் தம்பி.

மாடி எண்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டு முடிந்ததும் கொசு என் பக்கம் திரும்பினாள்.

"விரல் எங்கக்கா?"

"இது நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு விரல் வேணும். அவன் உசுரைக் கொடுத்து வாசிச்சிருக்கான், நீங்க நம்பரைக் காட்டுறீங்க. எடுத்ததை அப்படியே போடுங்க, பாப்போம்."

"ஃபோகஸ் சரியா வரல."

"பதினாறு வருஷமா நட்டு போல்ட்டையே ஃபோகஸ் பண்றீங்க, எங்க நெட்டை கை மட்டும் சரியா வரலையா?"

எனக்குப் பொய் வராது. நான் கணினியைப் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை நான் ஃபோனில் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், நெற்றி சுருங்கியது.

"போடுங்கக்கா," என்றான் நெட்டை தரையிலிருந்து. "கேமரா சத்தத்தோடயே போடுங்க."

"நிஜமாவா?"

"போடுங்க."

போட்டேன். வறண்ட கம்பிகள். ஏறிய ஆறு, அந்த நிறுத்தம், இறங்கிய எட்டு. திரை முழுக்க இரண்டு விரல்கள் நடந்தன.

"சத்தம் மாறிப் போச்சா?" என்றாள் கொசு. பிறகு, "இன்னொரு தடவை," என்றாள். அது முடிந்ததும் சோபாவின் நுனிக்கு வந்திருந்தாள். "இது வேற. இது நம்ம பாட்டுலயே இல்ல. அப்ப பாட்டுல வாசிச்சது யாரு?"

"தாடி," என்றான் நெட்டை.

பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி நின்றது. தம்பி எழுந்து சமையலறைக்குப் போனான். தண்ணீர்க் குழாய் திறந்து மூடும் சத்தம் கேட்டது, டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

"ரெண்டு மாசமா நான் அந்தத் தாடிக்காரன் விரலையா பாராட்டிட்டு இருந்தேன்?" என்றாள் கொசு. "எதனால?"

நெட்டை இடது கையை நீட்டினான். "இது ரெண்டும் மரத்துப் போச்சு."

அவள் திட்டப் போகிறாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் மேசையிலிருந்து ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மருத்துவரிடம் ஊசி போட்ட பிறகு ஈறு மரத்துவிட்டதா என்று பார்ப்பது அவளுடைய அன்றாட வேலை.

"கண்ணை மூடு. குத்துறப்ப சொல்லு."

ஆள்காட்டி விரல். "ம்." நடுவிரல். "ம்." மோதிர விரலில் மூன்று இடங்களில் வைத்து அழுத்தினாள். அவன் காத்திருந்தான். சுண்டுவிரலின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழும் அளவுக்கு அழுத்தினாள்.

"ஆரம்பி," என்றான் நெட்டை, கண்ணை மூடியபடியே.

கொசு குச்சியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

"முடிஞ்சுது, கண்ணைத் திற. எத்தனை மாசம்?"

"எட்டு."

"எட்டு மாசமா! ஒரு சொத்தைப் பல்லுக்குக்கூட மனுஷங்க ரெண்டு நாள்ல ஓடி வர்றாங்க. திங்கக்கிழமை என்கூட வர்றே, நரம்பு டாக்டர்கிட்ட. வாயைத் திறக்காதே."

தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். "என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"தெரியாது. சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்." இருமினான். "கிட்டார்காரனை அனுப்பறப்ப மொதல்ல கை தூக்கினது நீ."

"ஆமா. அதனாலதான் இப்பவும்." நெட்டை இடது கையை உயர்த்தினான், அந்த இரண்டு விரலும் பாதி மடங்கியபடி. "நம்ம பாட்டுல நம்ம கை இல்ல. நான் போறதுக்கு என் ஓட்டு. நீங்களும் போடுங்க."

கொசு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டான்.

"ஒண்ணுக்கு ரெண்டு. தீர்மானம் தோத்துப் போச்சு," என்றாள் அவள். "சட்டம் சட்டம்தான். அதனால தாடி வாசிச்சதைத் தூக்கிடுவோம். டிவியில வந்துச்சே, அது யாரு கை?"

"என்னோடது."

"அப்ப பாட்டு அதுதான். திங்கக்கிழமை எங்கயும் ஓடிப் போகாது. நீயே அதை வாசிச்சுப் பதிவு பண்ணு, அடுத்த திங்கக்கிழமை விடுவோம். அக்கா, நம்பரை எடுத்துடுங்க. விரலைப் போடுங்க."

"முன்ன மாதிரி வேகமா இருக்காது," என்றான் நெட்டை. "கேட்டவங்கெல்லாம் அந்த இடத்தைத்தான் சொன்னாங்க. மேடையில அதைத்தான் எதிர்பாப்பாங்க. இந்த விரலும் சரியாகும்னு சொல்ல முடியாது."

"சரியாகலேன்னா ரெண்டு விரல் பாட்டு பத்து எழுதுவோம். எனக்குத் தெரிஞ்ச கார்டே மூணுதான், நான் இத்தனை நாள் குடும்பம் நடத்தல?"

நெட்டை சிரிக்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி வந்து சோபாவில் உட்காரவில்லை. நெட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், ஆனால் முகம் பார்க்காமல்.

"அக்கா, அதை இன்னொரு தடவை போடு."

போட்டேன். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை அவன் விரல்கள் தரையைத் தட்டத் தொடங்கின. ஆறாவது சுரத்துக்குப் பின்னால் அந்த நிறுத்தம் வந்தபோது தட்டியது தனியாகக் கேட்டது. நிறுத்தினான்.

"இங்க இவ்ளோ பெரிய இடம் விட்டிருக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதே," என்றான் நெட்டை.

"சும்மா ஒரு சிம்பல் தட்டட்டுமா? மெதுவா?"

"வேண்டாம்."

"இவ்ளோ நேரம் சும்மா உக்காரணுமா?"

"எட்டு மாசம் நான் உக்காந்தேன்ல?"

தம்பி அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டான். நெட்டைக்கு வலித்தது. "சரி, எண்ணு," என்றான் தம்பி. நெட்டை ஆள்காட்டி விரலால் தம்பியின் முழங்காலில் தாளம் தட்டி எண்ண ஆரம்பித்தான். நான் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.